வீட்டுக்குள்ள முயலுக்கு தோண்டுற பெட்டி: எதப் போடலாம், எதப் போடவே கூடாது

முயல் வளக்கற வீட்ல எல்லாம் ஒரே புலம்பல்தான், சோஃபா மூலைய பறண்டுது, கோரைப்பாய கிழிக்குது, மெத்தைல பள்ளம் போடுது. திட்டியெல்லாம் ஒண்ணும் ஆகப்போறதில்ல. நம்ம ஊர் காட்டுமுயல் வளை தோண்டாது, புல் மறைவுல படுத்துக்கும், அதோட குட்டியும் உடம்பு முழுக்க முடியோட கண்ண தொறந்துக்கிட்டே பொறக்கும். நாம வீட்ல வளக்கறது வேற இனம், ஐரோப்பாவுல மண்ணுக்கடில வளை வெட்டி கூட்டமா இருக்கற முயலோட வம்சம், அந்தக் குட்டிங்க முடி இல்லாம கண்ணு மூடின மேனிக்கு பொறக்கறதால வளை இல்லன்னா பொழைக்காது. அப்புறம் எப்படி தோண்டாம இருக்கும்? தோண்டுறதுக்குன்னு ஒரு எடம் குடுத்துட்டா பாயும் சோஃபாவும் பெரும்பாலும் தப்பிச்சுக்கும்.

பெட்டிக்கு ரொம்ப செலவு பண்ணாதீங்க. பாத்திரக்கடைல கெடைக்கற பெரிய பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் பாக்ஸ் போதும், 2 கிலோ முயலுக்கு 60 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரம் இருந்தா தாராளம். ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா மாதிரி 4 கிலோவ தாண்டுற ஜாதின்னா இன்னும் பெருசா பாருங்க, முயல் உள்ள முழுசா திரும்பணும், அதான் கணக்கு. முன்பக்கம் தரைலேர்ந்து 15 செ.மீ. விட்டு ஒரு வாசல் வெட்டிட்டு, வெட்டின ஓரத்த உப்புத்தாள் போட்டு கையில உரசினா கீறாத அளவுக்கு தேச்சுடுங்க. ஓரத்துல டேப் ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, ராத்திரியோட ராத்திரியா அந்த டேப்ப கடிச்சு தின்னுடும். அட்டைப்பெட்டிலயும் பண்ணலாம், அத கடிச்சே காலி பண்ணிடும், ஆனா அதுவும் அதுக்கு விளையாட்டுதானே.

இப்ப உள்ள என்ன போடறது, விஷயமே இதுலதான் இருக்கு. முயலுக்கு வாந்தி வராது, உள்ள போனது பின்பக்கமாதான் வெளிய வந்தாகணும், அதனால தோண்டுறப்ப வாய்ல போனாலும் பரவால்லங்கற பொருள மட்டும்தான் போடணும். மொத வாரம் வெறும் பேப்பர்தான். பழைய நியூஸ்பேப்பர விரல் அகலத்துக்கு கிழிச்சு, கொரியர் அட்டைய துண்டு துண்டா பிச்சு, நடுவுல காய்ஞ்ச புல்லு ரெண்டு கைப்பிடி கலந்து 15, 20 செ.மீ. உயரத்துக்கு நெரப்புங்க. அட்டைல இருக்கற செல்லோ டேப், ஸ்டாப்ளர் பின், லேபிள் எல்லாத்தையும் உரிச்சுடணும், வழவழன்னு இருக்கற கலர் பேப்பர் வேண்டாம். போட்டுட்டு பக்கத்துலயே உக்காந்து பாருங்க, அங்கங்க ரெண்டு கடி கடிச்சுட்டு தோண்டுதுன்னா சரி, தோண்டாம பேப்பரையே மென்னு முழுங்கிட்டிருந்துச்சுன்னா பேப்பர எடுத்துட்டு முழுக்க புல்லு மட்டும் போடுங்க.

மண்ணு போடலாமான்னு கேட்டா, போடலாம், அதுதான் அதுக்கு உயிரு. ஆனா நர்சரில மூட்டையா விக்கற கலவை மண்ணு ஆகாது, அதுல உரம், வேப்பம்புண்ணாக்கு, வெள்ளை வெள்ளையா பெர்லைட்ங்கற பொரிகல்லு எல்லாம் கலந்திருக்கும். எதுவும் கலக்காத செம்மண்ண வாங்கி சலிச்சு, மொட்டமாடி வெயில்ல நல்லா காயவச்சு, அப்புறம் லேசா தண்ணி தெளிங்க, கைல புடிச்சா புடி நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது. காஞ்ச மண்ணுன்னா தூசி பறக்கும், முயல் மூக்காலதான் மூச்சு விடும், கண்ணும் பெருசு, ரெண்டுலயும் தூசி போயிடும். தெருவுல வீடு கட்ட கொட்டியிருக்கற மணல மட்டும் அள்ளிட்டு வந்துடாதீங்க, தெருப்பூனைக்கெல்லாம் அதுதான் கக்கூஸ். எம் சாண்ட் கல்ல ஒடைச்ச தூளு, அதுவும் வேண்டாம். பூனை மூத்திரம் போக ட்ரேல போடற களிமண் (லிட்டர்னு விப்பாங்க) ஈரம் பட்டா கட்டியாயிடும், வயித்துக்குள்ள போனாலும் அதே கதைதான். தேங்கா நார்த்தூள் கட்டிய நிறைய பேரு போடறாங்க, அது தண்ணில பல மடங்கு ஊதும், தின்னுற பழக்கம் இருக்கற முயலுக்கு நான் குடுக்க மாட்டேன். தெர்மாகோல் பக்கமே போகாதீங்க.

பெட்டிக்கு அடில பழைய பெட்ஷீட் ஒண்ணு விரிச்சுடுங்க, எப்படியும் பாதி வெளிய பறக்கத்தான் போகுது. சில முயல் மொத நாள் உள்ள எறங்கவே எறங்காது, தூக்கி உள்ள போடாதீங்க, அப்புறம் அந்தப் பக்கமே வராது. கொத்தமல்லித் தண்டு ரெண்டு மேலாக்க நீட்டிக்கிட்டிருக்கற மாதிரி சொருகுங்க, மறுநாள் பாதி பொதைங்க, அதுக்கடுத்து முழுசா பொதைங்க, மோப்பம் புடிச்சு முன்னங்கால் ரெண்டையும் வச்சு படபடன்னு தோண்டி மண்ண பின்னால தள்ளும் பாருங்க, அது கத்துக்கிச்சு. பாய பறண்ட ஆரம்பிச்சா அடிக்காம பெட்டிக்கு பக்கத்துல கொண்டு வந்து விடுங்க.

பொட்டை முயல் திடீர்னு வெறி புடிச்ச மாதிரி தோண்டி, வாய்ல புல்லு கவ்விட்டு திரிஞ்சு, நெஞ்சு முடிய பிச்சு பெட்டில மெத்தை போட்டுச்சுன்னா அது கூடு கட்டுது. ஆண் முயலோட சேந்திருந்தா நெஜமாவே சினையா இருக்கலாம், 31 நாள் ஒட்டி குட்டி போடும். சேரவே இல்லன்னா பொய் சினை, ரெண்டு ரெண்டரை வாரத்துல தானா அடங்கிடும், அது வரைக்கும் அந்தக் கூட்ட கலைக்காதீங்க. அடிக்கடி இப்படி ஆச்சுன்னா முயல் பாக்கத் தெரிஞ்ச கால்நடை டாக்டர்கிட்ட கருத்தடை பத்தி கேளுங்க.

வெயில் காலத்துல பெட்டிய ஜன்னலோரம் வைக்காதீங்க, 30 டிகிரிய தாண்டினாலே முயலுக்கு ஆபத்து. தோண்டுறது ஒருபக்கம் இருக்கட்டும், அரை நாளா எதுவும் திங்கல, புழுக்கையும் போடலன்னா நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாம அன்னைக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடணும்.

பெட்டிக்குள்ளயே மூத்திரம் போச்சுன்னா அது மூத்திரம் போறதுக்கு வச்சிருக்கற ட்ரேய பெட்டி வாசலுக்கு ஒட்டி வைங்க, நனைஞ்ச பேப்பர அன்னன்னைக்கே எடுங்க, மண்ணுன்னா ஈரமான எடத்த அள்ளிட்டு புதுசு போடுங்க. பெட்டில வெள்ளையா படியற கறை மூத்திரத்துல இருக்கற சுண்ணாம்புச் சத்து, வினிகர் ஊத்தி கொஞ்ச நேரம் ஊறவிட்டு தேச்சா போயிடும். உள்ள இருக்கற புழுக்கைய குப்பைல போடாதீங்க, மாடில தக்காளிச் செடி இருந்தா மக்க வைக்காம நேரா தொட்டில போடலாம்.