சீட் பெல்ட்டைச் சரியாகப் போடுவது எப்படி: அத்தைக்குச் சொன்னது, உங்களுக்கும்

ஊரிலிருந்து வந்த அத்தையைச் சாங்கி விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த நாள் அது. பெட்டிகளை ஏற்றிவிட்டு, "பெல்ட் போடுங்க அத்தை" என்றேன். "பின்னாடி உட்கார்றவங்களுக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்றார். அப்புறம் எனக்காகப் போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், சேலை கசங்கக் கூடாதென்று தோள் பட்டையைக் கைக்கு அடியில் விட்டிருந்தார். இடுப்புப் பட்டை தொப்புளுக்கு மேலே கிடந்தது. 'டிக்' சத்தம் கேட்டதால் நானும் கேட்காமல் விட்டிருப்பேன், திரும்பிப் பார்த்தது நல்லதாயிற்று.

சிங்கப்பூரில் பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்று 1993இலேயே சட்டம் வந்துவிட்டது. போடாமல் பிடிபட்டால் பயணிக்கும் அபராதம் உண்டு. ஆனால் அபராதத்துக்குப் பயந்து போடுபவர்கள்தான் அத்தை மாதிரி பேருக்குப் போடுகிறார்கள். அதனால் முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம் புளோக்குகளுக்கு இடையில் இருக்கும் சாதாரணச் சாலையின் வேகம்தான். கார் எதிலோ மோதி நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் நீங்கள் நிற்கவில்லை, அதே 50இல் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். அந்த வேகத்தில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கணக்கில் மூன்றரை மாடி. பின் சீட்டில் இருப்பவர் பறந்துபோய் இடிப்பது பெரும்பாலும் முன் சீட்டில் இருப்பவரின் முதுகில். "நீங்க போடலைன்னா அடி எனக்கும்தான் அத்தை" என்றதும்தான் அத்தை யோசிக்க ஆரம்பித்தார். மும்பைக்குப் பக்கத்தில் 2022 செப்டம்பரில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவரும் பின் சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் இருந்தார் என்று போலீஸ் சொன்னதை அத்தையே ஞாபகப்படுத்தினார்.

சரி, இனி செய்முறை.

படி 1: முதலில் உட்காருங்கள்

முதுகும் இடுப்பும் சீட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். சாய்மானத்தை நிமிர்த்தி வையுங்கள். சீட்டைப் படுக்கை மாதிரி சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் பெல்ட் போட்டும் பாதிப் பலன்தான், மோதலில் உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். தலைத் தாங்கியின் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை அளவுக்காவது இருக்கட்டும்.

படி 2: மெதுவாக இழுத்து மாட்டுங்கள்

வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். அது பழுதில்லை, அதன் வேலையே அதுதான். உள்ளே இருக்கும் உருளை, பட்டை சட்டென்று இழுபட்டாலோ கார் சட்டென்று வேகம் குறைந்தாலோ பிடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. விட்டுவிட்டு மறுபடி மெதுவாக இழுங்கள். பட்டை முறுக்கியிருந்தால் பிரித்துவிடுங்கள். முறுக்கிய பட்டை அகலம் குறைந்து, கயிறு மாதிரி அறுக்கும். பிறகு 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்தி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மூன்று பேர் உட்காரும் பின் சீட்டில் பக்கத்து ஆளின் பூட்டில் மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும்.

படி 3: இடுப்புப் பட்டை

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், அதிகம் பேர் தவறு செய்வதும் இங்கேதான். பட்டை எலும்பின் மேல் இருக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள், இடுப்பின் இரண்டு பக்கமும் முன்னால் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு இருக்கும். பட்டை அதற்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தை ஒட்டி, படிந்து கிடக்கட்டும். இடுப்பெலும்பு பலமானது, அந்த இழுப்பைத் தாங்கும். வயிற்றில் எலும்பு இல்லை. அங்கே பட்டை இருந்தால் கல்லீரல், குடல், மண்ணீரல்தான் அடி வாங்கும்.

தொப்பை உள்ளவர்கள் (நானும்தான்) தொப்பைக்கு மேல் விட்டுவிடுவோம். வயிற்றைக் கொஞ்சம் தூக்கி, அடியில் விடுங்கள். சேலையென்றால் கொசுவத்துக்கு மேலே திரளும் துணியை ஒருமுறை நீவிவிட்டுப் பட்டையைக் கீழே தள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் இதே விதி: இடுப்புப் பட்டை வயிற்றுக்கு அடியில், தோள் பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றுக்குக் குறுக்கே ஒருபோதும் வேண்டாம். குழந்தைக்கு அழுத்தும் என்று பெல்ட்டையே விட்டுவிடுவது அதைவிட ஆபத்து.

படி 4: தோள் பட்டை

கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், காறை எலும்பின் மேல் ஏறி, நெஞ்சுக்கு நடுவே குறுக்காக இறங்க வேண்டும். கழுத்தில் உரசினால், முன் சீட்டின் பக்கத்துத் தூணில் பட்டை வெளிவரும் இடத்தை மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். நிறைய கார்களில் முடியும்; பல வருடம் ஓட்டியவர்களுக்கே தெரிவதில்லை. அத்தை செய்ததுபோல் கைக்கு அடியில் விட்டால், மோதலில் பட்டை மெல்லிய விலா எலும்புகளை நேராக நெரிக்கும். மேல் உடம்பைப் பிடித்து நிறுத்தவும் எதுவும் இருக்காது.

படி 5: தளர்வை எடுங்கள்

தோள் பட்டையை மேல்நோக்கி இழுத்தால் இடுப்பில் இருக்கும் தொளதொளப்பு போய்விடும். நெஞ்சுக்கும் பட்டைக்கும் இடையில் கை விரல்கள் தட்டையாக நுழையும் அளவு போதும். குளிர்சாதனத்துக்காகப் போடும் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பெல்ட் போடுங்கள், பிறகு மேலே போர்த்திக்கொள்ளலாம்.

காற்றுப்பை இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கண் சிமிட்டும் நேரத்துக்குள் வெடித்து விரியும். பெல்ட் இல்லாமல் அதை நோக்கிப் பறந்துபோகிறவருக்கு அந்தப் பையே அடிக்கும். பெல்ட் போட்டவருக்குத் துணையாக இருக்கத்தான் அதை வடிவமைத்தார்கள். எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்த வெறும் கொக்கியை மட்டும் வாங்கி மாட்டுகிறார்களே, அவர்களை என்ன சொல்வது!

குழந்தைகள் இருந்தால்

இங்கே 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அவர்களுக்கு ஏற்ற இருக்கையோ உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கையோ வேண்டும். வயதை விடுங்கள், உயரத்தைப் பாருங்கள். கைக்குழந்தையின் இருக்கை பின்னோக்கிப் பார்க்க வேண்டும். காற்றுப்பை இயங்கும் முன் சீட்டில் அதை வைக்கவே கூடாது.

டாக்சிக்கு இந்தக் குழந்தை இருக்கை விதியிலிருந்து விலக்கு உண்டு, தனியார் வாடகைக் காருக்கு இல்லை. பிள்ளையோடு போகிறீர்கள் என்றால், செயலியில் குழந்தை இருக்கை உள்ள காராகக் கேளுங்கள். "மடியில் வெச்சுக்கறேன், கெட்டியா பிடிச்சுக்கறேன்" என்று அத்தையும் சொன்னார், என் மகளைக் காட்டி. கணக்குப் போட்டுக் காட்டினேன். 10 கிலோ பிள்ளை. 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், கையில் இழுக்கும் பாரம் சுமார் 140 கிலோ. தேக்கா சந்தையில் வாங்கும் 25 கிலோ அரிசி மூட்டை ஐந்தரை. ஒரே பெல்ட்டுக்குள் பிள்ளையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம், உங்கள் எடையே பிள்ளையை நசுக்கும்.

பிள்ளைகள் சும்மா இருக்கும் பெல்ட்டை இழுத்து விளையாடவும் விடாதீர்கள். சில கார்களில் பட்டையை முழுக்க வெளியே இழுத்துவிட்டால் அது இறுகும் பக்கம் மட்டுமே நகரும், திரும்ப வெளியே வராது. கழுத்தில் சுற்றியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை

பட்டையை முழுதாக வெளியே இழுத்து, ஓரம் பிசிறியிருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கை மிதமான சோப்பு நீரில் துடைத்து, காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். பிளீச் வேண்டவே வேண்டாம், நூலை அரித்துவிடும். பலமாக மோதிய காரின் பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் பட்டறையில் காட்டி மாற்றச் சொல்லுங்கள். பட்டை ஒருமுறை நீண்டு வேலையை முடித்துவிட்டிருக்கும். பட்டையை இறுக்கும் சின்ன வெடிப்பொருளும் ஒரு தடவைதான் வெடிக்கும்.

ஊருக்குத் திரும்பும் நாளன்று அத்தை பெல்ட்டைத் தானே மாட்டி, இடுப்பில் கீழே தள்ளி, மேலே ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு முன் சீட்டில் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கத் தயாரான என் மனைவியைப் பார்த்து, "சீட்டை நிமிர்த்தும்மா" என்றார்.