பாட்டை வெளியிடும் முன் மூன்று பதிவுகள்

டர்பனில் கோயில், கல்யாணம், காவடி என்று மேடையேறும் நம் தம்பி தங்கைகள் கவனத்துக்கு. மேடைப் பணம் அந்த மாதமே கரைந்துவிடும். ஒலிப்பதிவு செய்த பாட்டு பல வருடம் காசு கொண்டுவரும், ஆனால் அதை உங்கள் பெயரில் பதிந்து வைத்தால்தான் வரும்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு மூன்று வாசல், அதாவது உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் மூன்று அமைப்புகள். சொல்லும் மெட்டும் உங்களுடையது என்றால் சாம்ரோவில் சேருங்கள். லோட்டஸ் எஃப்எம் போன்ற வானொலியிலோ பொது மேடையிலோ பாட்டு ஒலிக்கும்போது எழுதியவருக்குச் சேரும் பங்கு அதன் வழியே வரும். டவுன்லோட், ஸ்ட்ரீமிங் போன்ற பிரதிகளுக்கான தொகை கப்பாசோ வழியே. பாடியவர், வாசித்தவர் பங்குக்கு சாம்ப்ரா. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். பாட்டை எழுதாத மிருதங்கக்காரருக்கும் சாம்ப்ராவில் பங்கு உண்டு என்பது அவருக்கே தெரிவதில்லை!

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும், அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி குறியீடு (எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 12) வாங்கி, வானொலிக்கு அனுப்பும்போது சேர்த்தே அனுப்புங்கள்.

அப்புறம், பங்குத்தாள். முதல் காவடிப் பாட்டை நாங்கள் நால்வர் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கராஜில் பதிவு செய்தோம். யாருக்கு எத்தனை சதவீதம் என்று பேசவே இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பேச உட்கார்ந்தபோது மனஸ்தாபம்தான் மிஞ்சியது. இப்போது மைக்கை அணைத்ததும், தேநீர் ஆறுவதற்குள், ஒரே தாளில் பெயரும் சதவீதமும் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

திருப்புகழ் பாடுகிறீர்களா? சொல் அருணகிரிநாதருடையது, அதற்கு யாரும் உரிமை கேட்க முடியாது. நீங்கள் போட்ட புது மெட்டு உங்களுடையது. சாம்ரோ படிவத்தில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.