சனிக்கிழமைத் திடலில் சண்டையில்லாமல் சாஃப்ட்பால் நடத்துவது எப்படி

சிறுவர் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியே, பந்தைக் கீழ்வீச்சில் போடும் ஆட்டம்) ஆட்டத்தில் பெரியவர்கள் போடும் சண்டை பெரும்பாலும் நான்கைந்து விதிகளைச் சுற்றியே வரும். இடைநிலைப்பள்ளியில் தான் ஆடிய காலத்து விதியை ஒருவர் சொல்வார். யூடியூப்பில் பார்த்ததை இன்னொருவர் சொல்வார். மூன்றாமவர் எல்லாவற்றையும் கிரிக்கெட் கண்ணோடு பார்ப்பார். மூவரும் வாதம் முடிக்கும்வரை பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பகாவ் மாதிரித் தோட்டத்துப் பட்டணங்களில், ஒரே திடலைக் காற்பந்துக்காரர்களோடு பங்கிட்டுக்கொண்டு 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆட்டம் நடத்துகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது.

முதல் வேலை, ஒரே ஒரு பக்கத்தில் உள்ளூர் விதித்தாள் எழுதுவது. இரண்டு பக்கம் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிடுங்கள். அன்றைக்கு இரு பயிற்றுநர்களையும் அம்பயரையும் மட்டை பிடிக்கும் இடமான ஹோம் பிளேட்டருகே நிறுத்தி வாய்விட்டுப் படியுங்கள். ஐந்து நிமிடம் போதும். “அதான் புலனத்துல போட்டாச்சே” என்று விட்டால், அந்த ஐந்து நிமிடம் மூன்றாவது இன்னிங்ஸில் அரை மணி நேரமாகத் திரும்பி வரும்.

தாளில் முதலில் அளவுகள். ஓடுபவர் தொட்டுக்கொண்டு போகும் சதுரத்தின் முனைகள்தான் பேஸ்கள். பேஸுக்கு பேஸ் 18.29 மீட்டர். வீசும் தூரம் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 10.67 மீட்டர், பன்னிரண்டுக்குட்பட்டவர்களுக்கு 12.19 மீட்டர். பத்துக்குட்பட்டவர்களுக்கு 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்து, பன்னிரண்டுக்குட்பட்டவர்களுக்கு 12 அங்குலம். பள்ளி ஸ்டோரில் 12 அங்குலப் பந்து மட்டும் கிடக்கிறது என்பதற்காக எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால், விரல் சுற்றிப் பிடிக்காது, வீச்சு எல்லாம் மண்ணில் விழும். பிறகு அந்தப் பிள்ளைக்கு “கை பலமில்லை” என்று பெயர் வைப்பார்கள்.

கோடு போட நைலான் கயிறு இரண்டு போதும். ஹோம் பிளேட்டின் பின்முனையில் ஓர் ஆணி அடியுங்கள். அங்கிருந்து நேரே 25.86 மீட்டர் அளந்தால் இரண்டாம் பேஸின் நடுப்புள்ளி. இரண்டு புள்ளியிலிருந்தும் 18.29 மீட்டர் கயிற்றை இழுத்து, வலப்பக்கம் சேரும் இடத்தில் முதல் பேஸ், இடப்பக்கம் சேரும் இடத்தில் மூன்றாம் பேஸ். முதல், மூன்றாம் பேஸ்கள் முழுவதும் சதுரத்துக்குள் இருக்கவேண்டும். இரண்டாம் பேஸ் மட்டும் புள்ளியின்மேல் நடுவாக உட்காரும். காலடி வைத்து அளந்தால் ஒரு பக்கம் ஒரு மீட்டர் கூடிப்போகும். அப்புறம் ஓடி அவுட்டான பிள்ளையின் தகப்பனார்தான் முதலில் அதைக் கண்டுபிடிப்பார்.

முதல் பேஸுக்கு இரட்டை பேஸ் போடுங்கள். உள்ளே வெள்ளை, கோட்டுக்கு வெளியே ஆரஞ்சு. பந்து முதல் பேஸுக்கு வரும்போது, அடித்துவிட்டு ஓடுகிறவர் ஆரஞ்சைத்தான் மிதிக்கவேண்டும். பிடிப்பவர் காலும் ஓடுபவர் காலும் ஒரே பேஸில் மோதித்தான் கணுக்கால் சுளுக்குகிறது. வாங்கக் காசில்லை என்றால் பழைய ரப்பர் மிதியடியை 38 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிச் சாயம் அடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது திடல் விதி. நம்முடைய திடலில் வேலி இருக்காது. ஒரு பக்கம் லோங்காங் (சாக்கடை), இன்னொரு பக்கம் செம்பனை, நடுவில் காற்பந்துக் கம்பம், ஓரத்தில் யாரோ நிறுத்திய காடி. தோட்டத்து மாடுகள் வேறு. நல்ல அடி தரையில் பட்டு லோங்காங்குக்குள் போனால் இரண்டு பேஸ் என்று எழுதுங்கள். கோல் கம்பத்தில் பட்டால் ஆட்டம் தொடருமா நிற்குமா என்பதையும் எழுதுங்கள். எது என்பது முக்கியமில்லை, முன்கூட்டிச் சொல்லியிருக்கவேண்டும், அவ்வளவுதான். ஃபீல்டர் எறிந்த பந்து எல்லைக்கு வெளியே போனால், பந்து அவர் கையைவிட்ட நேரத்தில் ஓடுபவர் கடைசியாகத் தொட்டிருந்த பேஸிலிருந்து இரண்டு பேஸ். “ஓடிக்கிட்டிருந்த பேஸ், அதுக்கு மேல ஒண்ணு” என்று பாதித் திடல் சத்தம் போடும். அது தவறு.

இனி, பெரிய தலைவலி விதிகள்.

மட்டை பிடிக்கும் பேட்டர் அடிக்கத் தவறிய வீச்சும், அடிக்காமல் விட்ட சரியான வீச்சும் ஸ்ட்ரைக். மூன்றாவது ஸ்ட்ரைக்கை, பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் பிடிக்கத் தவறினால், முதல் பேஸில் ஆளில்லாதபோதோ இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். முதல் பேஸில் ஆள் இருந்து அவுட் இரண்டுக்குக் குறைவென்றால் பேட்டர் அவுட்தான். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் கேட்சர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு, ஓட வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்களை இரண்டு பக்கமும் அவுட்டாக்கிவிடலாம். இன்ஃபீல்ட் ஃப்ளை விதியும் அதே தந்திரத்தைத் தடுக்க வந்ததுதான். இரண்டுக்குக் குறைவான அவுட், முதல் இரண்டு பேஸிலோ மூன்று பேஸிலுமோ ஆள், பேஸ்களையொட்டி நிற்கும் இன்ஃபீல்டர் சிரமமில்லாமல் பிடிக்கக்கூடிய உயரமான பந்து. அப்படியிருந்தால் பந்து விழுவதற்கு முன்பே பேட்டர் அவுட் என்று அம்பயர் அறிவிப்பார். பன்ட் அடித்த (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிட்ட) பந்துக்கும் நேராகப் பறக்கும் பந்துக்கும் இது பொருந்தாது. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தவர்தான் இந்த விதியில் தடுமாறுவார்.

பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டையும் எடுத்துவிடுங்கள். அந்த வயதில் கேட்சர் கையில் நிற்கும் பந்தே குறைவு. விதியை வைத்திருந்தால், மூன்று முறை காற்றில் அடித்த பிள்ளை ஓடி மூன்றாம் பேஸ்வரை போய்விடும், நன்றாக வீசிய பிட்சர் அழுதுகொண்டு நிற்கும். பன்னிரண்டுக்கு வையுங்கள், ஆனால் பயிற்சியில் இருபது முறையாவது நடத்திக் காட்டியபிறகு.

பிட்சர் கையைவிட்டுப் பந்து போகும்முன் ரன்னர் பேஸைவிட்டு விலகினால் அவுட், அந்தப் பந்து கணக்கில் வராது. பேஸ்பால் வீடியோ பார்த்து வந்த பிள்ளை நான்கடி தள்ளி நிற்கும். ஒரு ஆட்டத்தில் அணிக்கு ஒரு எச்சரிக்கை, அடுத்தது அவுட் என்று வைத்தால் நியாயமாக இருக்கும். பிட்சரைச் சுற்றி 2.44 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் உண்டு. பந்தோடு பிட்சர் அதற்குள் நின்றால், இரண்டு பேஸுக்கு நடுவே நிற்கும் ரன்னர் உடனே முன்னேயோ பின்னேயோ போகவேண்டும், ஆடிக்காட்டினால் அவுட். அந்த வட்டத்தைச் சுண்ணாம்பில் போடாமல் இந்த விதியைப் பேசவே கூடாது.

யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடும் திருட்டு ஓட்டத்துக்கும் எல்லை வேண்டும். ஒரு வீச்சுக்கு ஒரு பேஸ், ஹோமுக்குத் திருட்டு இல்லை. இல்லாவிட்டால் நடப்பது இதுதான்: வாக் வாங்கு (பேட்டர் அடிக்காமல் விட்ட தவறான வீச்சு ‘பால்’, நான்கு ஆனால் சும்மாவே முதல் பேஸ், அதுதான் வாக்), அடுத்த பந்தில் இரண்டாம் பேஸ், அதற்கடுத்ததில் மூன்றாம் பேஸ், கேட்சர் தவறவிட்டதும் வீடு. மட்டையில் பந்தே படாமல் ஆறு ரன். இதைத் “திட்டம்” என்று பெருமைப்படும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் “அடிக்காதே, சும்மா நில்லு, வாக் கிடைக்கும்” என்று சொல்வார்கள். வாக் கிடைக்கும். அடிக்கத் தெரியாமலே ஒரு பருவமும் முடியும்.

இதற்கு மருந்து: நான்கு பால் ஆனதும் வாக் கிடையாது. (‘பால்’ என்றதும் தோட்டத்தில் மரத்துப் பால்தான் நினைவுக்கு வரும், புது நடுவருக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள்.) பேட்டிங் அணியின் பயிற்றுநரே வந்து மூன்று பந்து போடுவார். ஸ்ட்ரைக் கணக்கு விட்ட இடத்திலிருந்தே தொடரும். அடித்த பந்து அவர்மேல் பட்டால் அது செல்லாது, மறுபடி போடவேண்டும். கூடவே, ஓர் இன்னிங்ஸுக்கு 5 ரன் எடுத்ததும் பக்கம் மாறட்டும். கடைசி இன்னிங்ஸில் மட்டும் எல்லை வேண்டாம். எது கடைசி என்பதை அது தொடங்குமுன் அம்பயர் சத்தமாகச் சொல்லவேண்டும். 75 நிமிடத்துக்குப் பிறகு புது இன்னிங்ஸ் இல்லை என்று வைத்தால், முன்னணியில் இருக்கும் அணி காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டும். பக்கம் மாற 90 வினாடி என்று எழுதி, கடிகாரத்தை ஸ்கோர் எழுதுபவரிடம் கொடுங்கள்.

வந்த எல்லாரும் வரிசையில் மட்டை பிடிக்கட்டும். அமெரிக்க லிட்டில் லீகில்கூட ஒவ்வொருவரும் ஆறு அவுட் களத்தில் நிற்கவேண்டும், ஒருமுறையாவது மட்டை பிடிக்கவேண்டும் என்பது அடிப்படை விதி. உள்ளூர் ஆட்டத்தில் அதற்குக் குறைவாக வைக்க ஒரு நியாயமும் இல்லை. இதில் ஒரு பொறி உண்டு. ஐந்தரை மணிக்கு டியூஷனுக்குப் போகும் பிள்ளையின் முறை வரும்போது, எதிரணி “ஆள் இல்லை, அவுட்” என்று கேட்கும். “கிளம்பிய பிள்ளையின் முறை தாண்டப்படும், அவுட் இல்லை” என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வரிசை மாறி மட்டை பிடித்தால் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். தவறான ஆள் மட்டையோடு நிற்கும்போதே தெரிந்தால், சரியான ஆள் அதே கணக்கோடு உள்ளே வருவார், தண்டனை இல்லை. அவர் அடித்து முடித்து, அடுத்த பந்து வீசுமுன் கேட்டால், அடித்திருக்கவேண்டிய ஆள் அவுட், அந்த அடியில் வந்த ரன் செல்லாது. அடுத்த பந்து போய்விட்டால் கேட்க முடியாது.

சில பொய் விதிகளையும் தாளின் அடியில் குறித்துவையுங்கள். முதல் பேஸைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினாலே அவுட் என்பது பொய். இரண்டாம் பேஸுக்குப் போக முயன்றால்தான் தொட்டு அவுட்டாக்கலாம். கை மட்டையின் பகுதி என்பதும் பொய். ஹோம் பிளேட்டில் பட்ட பந்து ஃபவுல் என்பதும் பொய். பிளேட் ஆட்டப்பகுதிக்குள்தான் இருக்கிறது.

இனி ஆட்களைப் பற்றி. பெற்றோர் கேட்சருக்குப் பின்னால் நிற்கக்கூடாது. அங்கிருந்து ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்புச் சொல்வார்கள், பிட்சர் கண்ணும் அவர்கள் முகத்துக்கே போகும். முதல் பேஸைத் தாண்டி, கோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, நிழல் விழும் பக்கம் கூடாரம் போடுங்கள். நிழலும் தண்ணீரும் இருக்கும் இடத்துக்கு யாரும் சொல்லாமலே போய்விடுவார்கள்.

அதிகம் சத்தம் போடுகிறவரை எதிர்த்துப் பேசாதீர்கள். “அண்ணே, ஸ்கோர் எழுத ஆள் இல்ல, கொஞ்சம் உட்காருங்களேன்” என்று பென்சிலைக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பந்தையும் எழுதுகிறவருக்குக் கத்த நேரம் இருக்காது. இரண்டு இன்னிங்ஸ் எழுதியதும் அம்பயர் வேலை எவ்வளவு கடினம் என்றும் தெரிந்துபோகும்.

அம்பயர் பெரும்பாலும் நான்காம் படிவ மாணவராக இருப்பார். அவரிடம் தலைமைப் பயிற்றுநர் ஒருவர் மட்டும் பேசலாம். டைம் கேட்டு, நடந்து போய், தணிந்த குரலில், “தம்பி, எறியும்போது ரன்னர் எந்த பேஸ்ல இருந்தாரு?” என்று கேட்டால் பதில் கிடைக்கும். ஸ்ட்ரைக்கா பாலா, சேஃபா அவுட்டா என்பது அவர் கண்ணால் கண்ட முடிவு, அதை எதிர்த்து முறையிட இடமில்லை. விதியைத் தவறாகப் பயன்படுத்தினால் மட்டும், அடுத்த பந்து வீசுமுன் எதிர்ப்பைச் சொல்லலாம். மாணவரை ஏசியவர் எவரானாலும், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரே ஆனாலும், அன்றைக்குத் திடலைவிட்டு வெளியேறவேண்டும். அதைச் சொல்லும் வேலை ஏற்பாட்டாளருடையது, அந்த மாணவருடையது அல்ல.

பயிற்றுநரின் பிள்ளையே எப்போதும் பிட்சர் என்ற புகாருக்கு விதிதான் பதில்: ஒரு ஆட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று இன்னிங்ஸ் வீச்சு, அதற்குமேல் இல்லை. கீழ்வீச்சுதானே, கை வலிக்காது என்பார்கள். தோள்பட்டை வலிக்கும். வீச்சு எண்ணிக்கை கூடக்கூட அதிகம் வலிக்கும். அதேபோல, பெண்பிள்ளைகளையும் சின்னவர்களையும் வலது அவுட்ஃபீல்டிலேயே புல் எண்ண விடாதீர்கள். இரண்டு இன்னிங்ஸுக்கு ஒருமுறை இடம் மாற்ற ஒரு கட்டம் வரைந்து கூடாரத்தில் ஒட்டுங்கள். இடக்கைப் பிள்ளைக்கு வலக்கையில் மாட்டும் கிளவ் வேண்டும். பள்ளிப் பையில் அது இருக்காது. ஒன்று தனியாக வாங்கியே ஆகவேண்டும்.

திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் நான்கு மணி என்பார், ஐந்துக்கு வருவார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள். ஆட்டத்தைக் குறித்த நேரத்தில் தொடங்குங்கள், உரை எல்லாம் முடிந்தபிறகு நிழலில் பத்து நிமிடம். எந்த யாங் பெர்ஹோர்மாட்டும் (மாண்புமிகு மக்கள் பிரதிநிதியும்) இதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. கோபிப்பது அவரைச் சுற்றி நிற்பவர்கள்தான்.

இடி கேட்டதும் எல்லாரும் பள்ளிக் கட்டடத்துக்குள்ளோ காடிக்குள்ளோ போகவேண்டும். செம்பனை அடியும் கூடாரமும் ஒதுங்கும் இடமல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்பலாம். நடுவில் மறுபடி இடித்தால் எண்ணிக்கை முதலிலிருந்து. “இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ்” என்ற குரல் கட்டாயம் வரும், தோற்றுக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்து. நான்கு இன்னிங்ஸ் முடிந்திருந்தால் அந்த ஸ்கோர் செல்லும், இல்லையென்றால் விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் என்று தாளில் இருக்கட்டும். ஸ்கோர் தாளில் இரு பயிற்றுநரும் கையெழுத்துப் போட்டதும் படம் எடுத்துப் புலனத்தில் போட்டுவிடுங்கள். மழையில் நனைந்த தாளை ஞாயிற்றுக்கிழமை யாராலும் படிக்க முடியாது.