கிளாஸ் இல்லாத கேரக்டர்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போர்வீரனா, மந்திரவாதியா, ஹீலரா (மற்றவரைக் குணப்படுத்துபவர்) என்று முதல் திரையிலேயே உங்கள் கிளாஸைக் கேட்காத ஆன்லைன் விளையாட்டு என்றால் புதிதாக வருபவர்களுக்கு ஒரே குஷி. எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். எங்கள் கில்டில் (சேர்ந்து விளையாடும் குழுவில்) புதிதாகச் சேருபவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன், ஆரம்பத்தில் நாங்கள் எங்கெல்லாம் தடுக்கி விழுந்தோமோ சரியாக அங்கேயே விழுகிறார்கள். எல்லா ஸ்கில்லிலும் கொஞ்சம் கொஞ்சம் பாயிண்ட் தூவுவது, இருக்கிற பொருளையெல்லாம் சுமந்துகொண்டு ஆபத்தான இடத்துக்குப் போவது, இதெல்லாம் ஒரு தடவை அடிபட்டால் தானாகப் புரிந்துவிடும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். அடிபட்ட பிறகும் எதனால் அடிபட்டோம் என்று தெரியாத தவறுகள்தான் இங்கே.

முடிந்த பில்டை முதல் நாளே கட்டப் பார்ப்பது

இதைத்தான் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இத்தனை வருஷம் கழித்தும் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. புதியவர்கள் மேல் இல்லை அந்த எரிச்சல். அவர்கள் கையில் ஒரு முழு பில்டை, அதாவது எந்தெந்த ஸ்கில்லை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்ற பட்டியலை, திணித்து, ‘இப்படியே போடு, பிரமாதமாக இருக்கும்’ என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிற பழைய ஆட்கள் மேல்.

கிளாஸ் உள்ள விளையாட்டில் எந்தத் திறன் எப்போது வர வேண்டும் என்பதை கிளாஸே பார்த்துக்கொள்கிறது. ஆரம்ப லெவல்களில் உங்களால் தாங்க முடியாத எதையும் அது பெரும்பாலும் கையில் தராது. கிளாஸ் போனால் அந்த வரிசையும் கூடவே போய்விடுகிறது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. பகிரப்படுகிற பில்டு எல்லாம் கடைசி நிலையை மட்டும் காட்டும். பாதி வழியில் அந்தக் கேரக்டர் என்ன செய்து பிழைக்கும் என்று அதில் இருக்காது.

விண்வெளிக் கப்பல் விளையாட்டான ஈவ் ஆன்லைனை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் வந்தது, கிளாஸ் கிடையாது, ஸ்கில்கள் நிஜ நேரத்தில் ஏறும், நீங்கள் விளையாட்டை மூடிவிட்டுத் தூங்கினாலும் ஏறும். எங்களோடு சேர்ந்த ஒருவர், நல்ல பொறுமைசாலி, யாரோ கொடுத்த பில்டை நம்பி பேட்டில்ஷிப் என்ற பெரிய போர்க்கப்பலை நோக்கி நேராகப் பயிற்சி எடுத்தார். அந்தக் கப்பலின் ஸ்கில் 1-ஆம் நிலையில் இருந்தாலே ஓட்ட அனுமதி கிடைத்துவிடும். கிடைத்தது, சேர்த்து வைத்த பணத்தை எல்லாம் போட்டு வாங்கினார், வெளியே போனார், சின்னச் சின்ன ஃப்ரிகேட்டுகள் சுற்றி வளைத்து உடைத்துவிட்டன. பெரிய துப்பாக்கிகளால் பக்கத்தில் வேகமாகச் சுற்றுகிற சின்னக் கப்பல்களைத் தொடர்ந்து குறிவைக்க முடியாது. அவற்றை விரட்ட சின்ன டிரோன்கள் வேண்டும், டிரோன் ஸ்கில் அவரிடம் இல்லை. ஷீல்டு (கப்பலின் பாதுகாப்புக் கவசம்) ஸ்கில் இல்லை, கெபாசிட்டர் (கப்பலின் மின்சேமிப்பு) ஸ்கில் இல்லை. அவருக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ‘தப்பான கப்பலை எடுத்துவிட்டேன்.’ உடனே வேறு பேட்டில்ஷிப்புக்குப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட ஆதங்கத்தைச் சொல்லி மாளாது.

அவர் முதலில் செய்திருக்க வேண்டியது அலுப்பான வேலை. ஷீல்டு மேனேஜ்மென்ட் ஒவ்வொரு நிலைக்கும் ஷீல்டை 5% கூட்டும், கெபாசிட்டர் மேனேஜ்மென்ட் கெபாசிட்டரை 5% கூட்டும். படத்தில் போட்டுக் காட்ட ஒன்றும் இல்லாத ஸ்கில்கள், ஆனால் நீங்கள் ஏறுகிற எல்லாக் கப்பலுக்கும் உதவும். குட்டிக் கப்பலில் ஓட்டக் கற்றுக்கொள்ளும்போதே பலன் தெரியும், நாளைக்கு மனசு மாறி வேறு இனத்தின் கப்பலுக்குப் போனாலும் கூடவே வரும்.

அப்புறம், இதே தவறுக்கு இன்னொரு முகம் உண்டு: ‘உச்சமான 5-ஆம் நிலை வரை ஏற்றிவிட்டுத்தான் அடுத்தது.’ கணக்கைப் பாருங்கள். ஈவில் இருப்பதிலேயே எளிய ஸ்கில்லை 4-ஆம் நிலைக்குக் கொண்டுவர மொத்தம் 45,255 ஸ்கில் பாயிண்ட் போதும். 5-க்கு 256,000. அதாவது ஐந்தில் நான்கு பங்கு பலன் 45,255-இலேயே வந்துவிடுகிறது, மிச்சம் ஒரு பங்குக்காக இன்னும் 210,745 கொட்ட வேண்டும். வேறொரு ஸ்கில்லைத் திறக்க 5 தேவைப்படுகிற இடத்தில் ஏற்றித்தான் ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. மற்றபடி ஆரம்பத்தில் 4 வரை வந்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ரூன்ஸ்கேப்பிலும் இதே கதைதான். அதன் பழைய பாணிப் பதிப்பான ஓல்ட் ஸ்கூலில் வாட்டர்ஃபால் குவெஸ்ட் (கதைப் பணி) முடித்தால் அட்டாக், ஸ்ட்ரெங்த் இரண்டுக்கும் தலா 13,750 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). இரண்டும் 1-ஆம் லெவலில் இருந்தால் ஒரே குவெஸ்டில் 30 ஆகிவிடும். வழியில் உள்ள ராட்சதர்களோடு சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை, ஓடிப் போகலாம். பில்டில் ‘அட்டாக் 60’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கோழியை வெட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் புதியவரிடம் இதை யாராவது சொல்ல வேண்டாமா?

ஆகவே யாராவது பில்டு கொடுத்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பாதி வழியில் இது எதை அடித்துப் பிழைக்கும்? பதில் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். ‘முழுசா முடித்துப் பார், தெரியும்’ என்றால் வேண்டாம், அவர் அந்த வழியில் நடந்தே பல வருஷம் ஆகியிருக்கும்.

ஏறியது இறங்குமா என்று பார்க்காமல் ஏற்றுவது

ஒவ்வொரு விளையாட்டிலும் இது வேறு மாதிரி, அதனால்தான் ஒன்றில் பழகியவர் இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறார். 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனில் எல்லா ஸ்கில்லுக்கும் சேர்த்து 700 புள்ளி என்று உச்சவரம்பு வைத்தார்கள், ஏழு ஸ்கில் தலா 100. ஒவ்வொரு ஸ்கில் பக்கத்திலும் மேல் அம்பு, கீழ் அம்பு, பூட்டு இருக்கும். உச்சவரம்பைத் தொட்ட பிறகு புதியது ஒன்று ஏற வேண்டுமானால் வேண்டாத ஒன்றுக்குக் கீழ் அம்பு வைக்க வேண்டும், அது இறங்க இறங்க இது ஏறும். வேண்டியதைப் பூட்டாமல் விட்டால் அது பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும்.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் இறக்கமே கிடையாது. டிஃபென்ஸை 1-இலேயே நிறுத்தி, குறைந்த காம்பாட் லெவலில் அதிகமாக அடிக்கிற ‘ப்யூர்’ கேரக்டர் செய்ய நினைப்பவர்கள் இதை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். சில ஆயுதங்களில் ‘கன்ட்ரோல்டு’ என்று ஒரு தாக்குதல் முறை இருக்கும், அதில் அடித்தால் எக்ஸ்பி டிஃபென்ஸுக்கும் சேர்ந்து போகும். புது ஆயுதம் மாற்றிய உடனே தாக்குதல் முறையைப் பாருங்கள். குவெஸ்ட் பரிசுகளையும் முன்கூட்டியே படியுங்கள்: டிராகன் ஸ்லேயர் முடித்தால் டிஃபென்ஸுக்கு 18,650 எக்ஸ்பி, வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை. ப்யூர் அங்கேயே முடிந்தது.

கிளாஸ் இல்லை என்பதால் பார்ட்டியில் வேலையும் இல்லை என்று நினைப்பது

ஆல்பியன் ஆன்லைனில் (2017) நீங்கள் போட்டிருப்பதுதான் நீங்கள். ஆயுதம், ஹெல்மெட், கவசம், காலணி, திறன்கள் எல்லாம் இவற்றிலிருந்துதான் வருகின்றன. ஹோலி ஸ்டாஃப் எடுத்தால் ஹீலர், கீழே வைத்தால் இல்லை. சுதந்திரம்தான், ஆனால் ஐந்து பேர் டஞ்சனுக்கு (எதிரிகள் நிறைந்த நிலவறைக்கு) கிளம்பும்போது ஐந்து பேரும் அடிக்கிற ஆயுதத்தோடு வந்து நின்றால், முதல் பெரிய அடியிலேயே எல்லாரும் தரையில் கிடப்பீர்கள். இதை எத்தனை பார்ட்டியில் பார்த்தாயிற்று! ஒவ்வொருவரும் மற்றவர் ஹீல் பண்ணுவார் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார். சேரும்போதே ‘நான் இன்றைக்கு டேங்க்’ (முன்னால் நின்று அடி தாங்குபவர்) என்று வாய் திறந்து சொல்லுங்கள். ‘எனக்கு எல்லாமே கொஞ்சம் வரும்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு பார்ட்டித் தலைவரால் ஒன்றும் திட்டமிட முடியாது.

விலை உயர்ந்த கியரை முதலில் வாங்குவது

ஆல்பியனின் சிவப்பு, கருப்பு மண்டலங்களில் செத்தால் போட்டிருப்பது அத்தனையும் போய்விடும். மலிவான கியரிலேயே பழகுங்கள்.

ஸ்கில்லைக் காசு கொடுத்து நிரப்புவது

ஈவில் ஸ்கில் இன்ஜெக்டர் என்று ஒன்று உண்டு. 50 லட்சத்துக்கும் குறைவாக ஸ்கில் பாயிண்ட் உள்ளவருக்கு ஒரு இன்ஜெக்டர் 500,000 கொடுக்கும், 8 கோடியைத் தாண்டியவருக்கு அதே இன்ஜெக்டர் 150,000 மட்டும். இதைப் பார்த்துவிட்டுப் புதியவருக்குத்தான் லாபம் என்று ஓடிப் போய் வாங்குகிறார்கள். லாபம்தான், எதில் போட வேண்டும் என்று தெரிந்தால். தெரியாதவர் அதையும் பேட்டில்ஷிப்பில்தான் போடுவார்.

சொதப்பிய கேரக்டரை அழிப்பது

ப்யூர் கெட்டுப்போனால் புதிதாகத் தொடங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஈவிலும் ஆல்பியனிலும் தேவையே இல்லை. கற்றது அங்கேயே இருக்கும், அடுத்ததைக் கற்றுக்கொள்ளுங்கள்.