எரிக் பொப்பேயின் படங்களை எங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது?

நார்வே இயக்குநர் எரிக் பொப்பேயின் படங்களை வெளிவந்த வரிசையிலேயே பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1960இல் ஓஸ்லோவில் பிறந்த அவர், 'வெர்டென்ஸ் காங்' நாளிதழுக்கும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்கும் புகைப்படச் செய்தியாளராகப் பணியாற்றி, போர் நடக்கும் நாடுகளுக்கும் சென்று வந்த பிறகே ஸ்டாக்ஹோமில் ஒளிப்பதிவு பயின்று, 1991இல் படிப்பை முடித்தார். ஆகவே அவருடைய எந்தப் படத்தைப் பார்க்கும்போதும், கேமரா யாருடைய பக்கத்தில், எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதைச் சுருக்கம் தராத பலவற்றை அந்தக் கேள்வி எடுத்துத் தரும்.

முதலில் 2013இல் வந்த 'எ தௌசண்ட் டைம்ஸ் குட் நைட்' படத்தைப் பாருங்கள். தம்முடைய சொந்த அனுபவத்திலிருந்து எடுத்த கதையில், போர்முனைப் புகைப்படக்காரரை ஒரு பெண்ணாக மாற்றி, அந்த வேடத்தை ஜூலியட் பினோஷுக்குக் கொடுத்திருக்கிறார். காபூலில் நடக்கும் தொடக்கக் காட்சியை இரண்டு முறை பார்ப்பது நல்லது. தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாராகும் ஒரு பெண்ணை நாயகி ரெபெக்கா படமெடுக்கிறார். முதல் முறை நம் கண் அந்தப் பெண்ணின் மீதே இருக்கும். இரண்டாம் முறை ரெபெக்காவின் கைகளை மட்டும் கவனியுங்கள். பிற்பகுதியில், காருக்குள் மூத்த மகள் அதே கேமராவைத் தாயை நோக்கித் திருப்பி, நிறுத்தாமல் சொடுக்கிக்கொண்டே இருக்கும் காட்சி வரும். படமெடுக்கப்படுபவரின் நிலை எப்படிப்பட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை.

அடுத்து 'உட்டோயா: ஜூலை 22' (2018). இதற்குச் சிறிது மனத் தயாரிப்பு வேண்டும். உறங்கப் போகும் நேரத்தில் பார்க்கும் படமல்ல. 2011 ஜூலை 22 அன்று ஓஸ்லோவில் குண்டு வைத்து 8 பேரைக் கொன்ற அதே ஆள், உட்டோயா தீவில் நடந்த இளைஞர் முகாமில் 69 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்தத் துப்பாக்கிச் சூடு நீடித்த 72 நிமிடங்களை, வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில், கற்பனைப் பாத்திரமான காயா என்ற இளம்பெண்ணின் பின்னாலேயே ஓடி எடுத்திருக்கிறார்கள். கைப்பேசியை அணைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். நிறுத்தினால் அந்த 72 நிமிடத்தின் பொருளே போய்விடும். தீவுக் காட்சியின் தொடக்கத்தில் காயா நேராக நம்மைப் பார்த்து, உனக்கு ஒருபோதும் புரியாது என்கிறாள்; அவள் தாயோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது சற்றுப் பின்னரே தெரியவருகிறது. கொலைகாரன் தொலைவில் ஓரிரு கணங்கள் நிழலுருவாகத் தெரிவதோடு சரி. செய்திப் படங்கள் அவன் முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டியிருந்த நாட்டில், செய்திப் படத்திலிருந்து வந்த ஒருவர் எடுத்த முடிவு அது. அதனால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: வெடியோசை நெருங்குகிறதா, விலகுகிறதா என்பதைத் தவிர காயாவுக்கும் நமக்கும் வேறு தகவல் கிடையாது.

மூன்றாவதாக 2008இல் வந்த 'டிரபிள்ட் வாட்டர்'. ஒரு குழந்தையின் மரணத்துக்காகச் சிறை சென்று மீண்டு, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் இளைஞனின் பக்கமிருந்து தொடங்கும் கதை, பாதியில் அந்தக் குழந்தையின் தாய் பக்கம் மாறிவிடுகிறது. முன்பு பார்த்த சில நிகழ்ச்சிகளே வேறு கோணத்தில் திரும்ப வரும்போது, முதல் பாதியில் யாரைச் சந்தேகித்தோம் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வே மீது படையெடுத்த மூன்று நாள்களைச் சொல்லும் 'தி கிங்ஸ் சாய்ஸ்' (2016), நாஜிகளோடு ஒத்துழைத்த நார்வே அரசியல்வாதி குவிஸ்லிங்கின் இறுதி நாள்களைச் சொல்லும் 2024ஆம் ஆண்டுப் படம் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். முதல் படத்தில் குவிஸ்லிங்கைப் பிரதமராக்க மன்னர் ஏழாம் ஹாகோன் மறுக்கிறார். இரண்டாவதில் அதே மனிதரைச் சிறை அறைக்குள் நெருங்கிப் பார்க்கிறோம். ஓஸ்லோவின் இளைஞர் கும்பலைப் பற்றிய, பொப்பேயின் முதல் படமான 'ஷ்பா' (1998) கடைசியில் போதும்.

இவ்வளவும் பார்த்த பின், 2013ஆம் ஆண்டுப் படத்தின் இறுதிக் காட்சியை மட்டும் மறுபடி போடுங்கள். ரெபெக்கா மீண்டும் காபூலில், மீண்டும் கேமராவோடு நிற்கிறார். இம்முறையும் அவர் கைகளையே பாருங்கள்.