ரோம்–சீன வணிகத்தைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய ரோமும் ஹான் மரபினர் ஆண்ட சீனமும் நேருக்கு நேர் வணிகம் செய்தன என்று எழுதிவிடுவதே பலரும் செய்யும் முதல் தவறு. பட்டு ரோமுக்குச் சென்றது உண்மை. ஆனால் ஈரானை ஆண்ட பார்த்தியர், நடு ஆசியாவையும் வட இந்தியாவையும் ஆண்ட குஷாணர், இந்திய வணிகர் எனப் பல கைகள் மாறியே சென்றது. கி.பி. 97இல் சீனத் தளபதி பான் சாவ் ரோமுக்கு அனுப்பிய தூதர் கான் யிங், கடலைக் கடக்க ஈராண்டுகூட ஆகலாம் என்று பார்த்திய மாலுமிகள் கூறியதைக் கேட்டுத் திரும்பிவிட்டார். சீனப் பட்டு வணிகம் தம் கையைவிட்டுப் போகாதிருக்கவே பார்த்தியர் இடையில் மறித்து நின்றனர் என்று 'பிற்கால ஹான் வரலாறு' என்ற சீன நூல் கூறுகிறது.

கி.பி. 166இல் 'ஆன்துன்' என்ற ரோம மன்னரின் தூதர்கள் சீன அரசவைக்கு வந்ததாகச் சீன ஏடு கூறும் செய்தியை, ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் அன்டோனினஸ் அனுப்பிய அரசுத் தூது என்று உறுதியாகச் சொல்வதும் தவறே. அவர்கள் இன்றைய நடு வியட்நாம் வழியாகக் கொண்டுவந்தவை யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமையோடு ஆகியவை. இவற்றை வாங்க ரோமுக்குப் போக வேண்டியதில்லை. காணிக்கையில் அரிய பொருள் ஏதுமில்லையே என்று சீன வரலாற்றாசிரியரே ஐயுற்றிருக்கும்போது நாம் அவரைவிட எளிதில் நம்பிவிடுவது வேடிக்கைதான்.

சட்டத்தைப் பற்றிய குழப்பம் இன்னும் பெரிது. இரு பேரரசுகளுக்கும் இடையே உடன்படிக்கை இருந்ததற்குச் சான்றில்லை. அவ்வாறு இருந்ததாகக் காட்ட எடுத்தாளப்படும் 2ஆம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரஸ் (சேர நாட்டுத் துறைமுகமான முசிறியைக் குறிப்பிடும், பாப்பிரஸ் தாளில் எழுதிய ஏடு), கப்பல் வணிகத்துக்கான கடன் ஆவணம். முசிறியிலிருந்து வந்த சரக்கு எகிப்தின் பாலைவனத்தைக் கடந்து அலெக்சாந்திரியாவை அடைவதையும், அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கம் கழிக்கப்படுவதையும் பற்றிப் பேசும் அந்த ஏடு ரோம ஆட்சிக்கு உட்பட்டவர்களின் கொடுக்கல் வாங்கலைக் காட்டுகிறதே ஒழிய, சேர நாட்டையே கட்டுப்படுத்தாத அது சீனத்தை எவ்வாறு கட்டுப்படுத்தும்? அதேபோல், ஆண்கள் பட்டுடுத்தக் கூடாது என்று கி.பி. 16இல் ரோமின் ஆட்சிமன்றமான செனட் விதித்த தடை உள்நாட்டு ஆடம்பரத்துக்கு எதிரானது. அதைச் சீனப் பொருளுக்கான இறக்குமதித் தடையாக வாசிப்பது பொருந்தாது.

ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) வெளியேறுகிறது என்று முதல் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் பிளினி புலம்பியது இந்தியா, சீனம், அரேபியா மூன்றையும் சேர்த்துத்தான். அதை முழுவதும் சீனத்தின் கணக்கில் எழுதுவோரும் உண்டு, இந்தியாவின் கணக்கில் எழுதுவோரும் உண்டு. 'பட்டுப் பாதை' என்ற பெயரும் பழைய ஏடுகளில் இல்லை. 1877இல் ஜெர்மானியப் புவியியலாளர் ரிக்ட்ஹோஃபன் பரவலாக்கியது அது.