தலையில் அடிபட்டவருக்கு எவ்வளவு தண்ணீர் கொடுப்பது? கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்காக

தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் இளநீரோடுதான் வருவார்கள். "உடம்பு காய்ஞ்சு போச்சு, நிறையத் தண்ணி கொடுங்க" என்பார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் அடிபட்ட மூளைக்குத் தண்ணீர் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஐசியூவில் இருக்கும்வரை நர்ஸ் கணக்குப் பார்ப்பார், வார்டுக்கோ வீட்டுக்கோ வந்துவிட்டால் அந்தக் கணக்கில் பெரும்பங்கு உங்களிடம் வந்துவிடும்.

மண்டையோடு விரியாது, சிக்கலே அதுதான். அடிபட்ட இடத்தில் செல்கள் தண்ணீரை உள்ளே இழுத்து ஊதிக்கொள்ளும், ரத்தக்குழாய்ச் சுவர் கசியும், நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே கூடி அழற்சியை உண்டாக்க, கசிவு இன்னும் கூடும். இந்த வீக்கம் பெரும்பாலும் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போகும், அதனால் "நேற்று நன்றாகத்தானே பேசினார்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ரத்தத்தில் சோடியம் இறங்கினால் தண்ணீர் மூளைச் செல்களுக்குள் போய் வீக்கத்தைக் கூட்டும். உப்பு இல்லாத 5% குளுக்கோஸ் டிரிப்ஸை வழக்கமாகத் தவிர்த்து 0.9% சலைன் (உப்புக் கரைசல்) போடுவது இதனால்தான். மானிட்டால் என்ற மருந்தும் 3% சலைனும் இதற்கு நேர் எதிராக மூளையிலிருந்து தண்ணீரை வெளியே இழுப்பவை. மானிட்டால் போட்டதும் யூரின் பை வேகமாக நிறைந்தால் பயப்பட வேண்டாம்.

"வீக்கம்தானே, ஸ்டீராய்டு போட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு அது உதவும், விபத்துக் காயத்துக்கு உதவாது. 2004-இல் வெளியான கிராஷ் (CRASH) என்ற ஆய்வில் தலையில் அடிபட்ட 10,008 பேரைச் சேர்த்தார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 18 சதவீதம் பேரும் இரண்டே வாரத்தில் இறந்துபோனார்கள். அதனால் டாக்டர் போடவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் உள்ளே போனது எல்லாம்: தண்ணீர், கஞ்சி, பால், டிரிப்ஸ், மூக்குக் குழாயில் கொடுத்தது. இன்னொரு பக்கம் வெளியே வந்தது: சிறுநீர், வாந்தி, வயிற்றுப்போக்கு. டம்ளர் கணக்கு வேண்டாம், வீட்டுக்கு வீடு டம்ளர் மாறும், மில்லி கோடு போட்ட பாத்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டயப்பர் கட்டியிருந்தால் எடை போடுங்கள், காய்ந்த டயப்பரைவிட 300 கிராம் கூடியிருந்தால் சுமார் 300 மில்லி சிறுநீர் என்று எழுதலாம்.

அப்புறம் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் "சோடியம் எவ்வளவு?" என்று கேட்டு அதையும் எழுதுங்கள். 135 முதல் 145 வரை சரியான அளவு. இறங்கியிருந்தால் நீங்களாக உப்பும் கொடுக்காதீர்கள், தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். ஏனென்றால் தலைக்காயத்தில் சோடியம் குறைய முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்றில் உடம்பு தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும், அதற்குத் தண்ணீரைக் குறைப்பார்கள், மற்றொன்றில் சிறுநீரில் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே போய்விடும், அதற்கு இரண்டையும் கொடுப்பார்கள். ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும், வைத்தியமோ நேர் எதிர். இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்கள் நோட்டு டாக்டருக்கு அவ்வளவு உதவும். பல நாளாகக் குறைந்திருந்த சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதையக்கூடும், ஆகவே மெதுவாக ஏற்றுவதைக் குறை சொல்லாதீர்கள். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு, எனவே கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

சிறுநீர் ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல் தண்ணீர் மாதிரி வெளுத்துப் போய், தாகமும் அடங்கவில்லை என்றால் அன்றே சொல்லுங்கள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பிப் பகுதியில் அடிபட்டு, தண்ணீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் குறைந்திருக்கலாம். இவருக்குத் தண்ணீரைக் குறைத்தால் சோடியம் ஏறிவிடும்.

விழுங்குவது சரியாக இருக்கிறது என்று பரிசோதித்துச் சொல்லும்வரை வாயில் ஒரு ஸ்பூன்கூட ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தச் சொல்லியிருந்தால் கழுத்து மடங்காமல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், மடங்கினால் மூளையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபடும்.

வீட்டுக்கு வந்த பிறகு வலிப்புக்கு கார்பமசெபின் அல்லது ஆக்ஸ்கார்பசெபின் தொடர்ந்தால், அவையும் சோடியத்தைக் குறைக்கும், எப்போது மறுபடி டெஸ்ட் எடுப்பது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுவிடுங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது அந்த நோட்டையும் மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.